பக்கெட் மைக்கில் மிஞ்சியது

பாடியவர் டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பாட்டு தயாராகிவிடும். திருவேற்காட்டில் என் வீட்டுப் படுக்கையறையில் நான் நடத்தும் ஸ்டுடியோவுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். மற்றவர்கள் முதலில் குரலை வெறுமனே பதிவு செய்வார்கள். பிறகு நாள் கணக்கில் உட்கார்ந்து மிக்ஸிங் செய்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. மைக்கிலிருந்து குரல் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வழியிலேயே எல்லாவற்றையும் மாட்டி வைத்துவிடுவேன். கரகரப்பை அங்கேயே சீவிவிடுவேன், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அங்கேயே சமன் செய்துவிடுவேன், பிசகிய சுருதியை அங்கேயே நிமிர்த்திவிடுவேன். உள்ளே போய்ப் பதிவாவது குளித்துப் பவுடர் பூசிய குரல்தான். பச்சையாக வந்த குரல் எங்கேயும் தங்காது.

இது எனக்கு வேலையில் ஒட்டிக்கொண்ட புத்தி. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் கடைசல் மெஷின் ஓட்டுகிறேன். மெஷினை விட்டு ஒரு பீஸ் வெளியே வந்தால் முடிந்துதான் வரவேண்டும். திரும்ப எடுத்து அரம் போடுகிறவனைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அதே கணக்கைப் பாட்டுக்கும் போட்டேன். ஆனால் இரும்பில் ஒரு விஷயம் உண்டு. ஒரு நூல் அதிகமாகச் சீவிவிட்டால் அந்தப் பீஸ் குப்பைக்குத்தான், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இருபது வருஷமாக அந்த மெஷினில் நிற்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் சிநேகிதன் ஒருவன் திருவேற்காட்டுக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். கானா பாடுவான். கல்யாணம், காதுகுத்து, சாவு வீடு, எங்கே கூப்பிட்டாலும் போவான். பெரிய பாடகன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவன்தான் என்று சொல்லிவிடலாம். உச்சிக்கு ஏறும்போது ஓர் இடத்தில் சுருதிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுவான். படியில் ஒரு காலை வைத்துவிட்டு ‘ஏறலாமா வேணாமா’ என்று யோசிக்கிறவன் மாதிரி ஒரு நொடி நிற்பான். பிறகு ஏறுவான். அந்த ஒரு நொடிக்குத்தான் ஜனம் விசிலடிக்கும். சங்கீதம் படித்தவர்கள் அதைப் பிசகு என்பார்கள்.

அவன் மனைவிக்கு எஸ்டேட்டில் ஒரு துணி கம்பெனியில் தையல் வேலை. ஒருநாள் காலை அம்பத்தூர் பக்கத்துப் பாடி மேம்பாலத்தடியில் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றவளை, அந்தப் பக்கம் சவாரி போயிருந்த இவன் ஏற்றிக்கொண்டு போனான். அப்படித்தான் ஆரம்பித்தது. அதை வைத்தே ஒரு பாட்டும் கட்டிவிட்டான்:

‘பாடி பாலத்தாண்ட பஸ்ஸ உட்ட மைனா – என்
வண்டி ஏறி வந்து மனச சுட்ட மைனா’

அந்த இரண்டாவது ‘மைனா’வில்தான் படியில் நிற்பான். அந்த இடம் வந்தால் அவள் சிரித்துவிடுவாள். எத்தனை முறை பாடினாலும் அதே இடம், அதே சிரிப்பு. கூட்டத்தில் எங்கே நின்றாலும் அந்தச் சிரிப்பை வைத்தே அவளைக் கண்டுபிடித்துவிடலாம்.

போன வருஷம் அவன் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதனால் குரல் கொஞ்சம் மாறினாலும் மாறலாம், மாறாமலும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். இவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அவள் போட்டுக்கொண்டாள். அன்றைக்கே என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“அண்ணா, செல்லுல கீறதெல்லாம் ஒரே விசிலும் தப்பட்ட சத்தமுமா கீது. அவரு கொரலு கெணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க ஒழுங்கா எடுத்துக் குடுங்க. அவரு கொரலு அப்படியே வோணும்.”

“அப்படியேவா? அதவிட சூப்பரா குடுக்கறேம்மா” என்றேன். நான்தான் சொன்னேன், இந்த வாயால்.

அட்மிட் ஆவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் வந்தான். என் மனைவி வழக்கம்போல ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தினாள். பீரோ கதவைத் திறந்துவைத்து, எதிரொலி அடங்குவதற்காகப் புடவைகளை அவன் முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டாள். உட்கார்ந்ததும் இவன் கையைப் பிசைய ஆரம்பித்தான்.

“மாமே, தட்டிக்கினே பாடினாதான் எனக்கு வரும். இன்னாவது குடு.”

குளியலறைக்குப் போய் ஒரு பழைய பெயிண்ட் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதில் துணி ஊற வைத்திருந்த என் மனைவி, “ஊர்ல வேற பக்கெட்டே இல்லியா?” என்று கத்தினாள். துணியைக் கொட்டிவிட்டு, துடைத்து, அவன் இரண்டு கால்களுக்கும் நடுவே கவிழ்த்து வைத்தேன். குரலுக்கு ஒரு மைக், பக்கெட்டுக்கு ஒரு மைக். குரல் மைக்கில் என் சீவல், சமன், சுருதித் திருத்தல் எல்லாம் மாட்டியிருந்தது. பக்கெட் மைக்கில் ஒரே ஒரு கேட் மட்டும். கேட் என்றால் ரயில்வே கேட் மாதிரியேதான். அடி விழுந்தால் திறக்கும், அடி ஓய்ந்ததும் மூடிக்கொள்ளும். நடுவில் வருகிற வேறு சத்தம் எதையும் உள்ளே விடாது.

பாடுகிறவன் காதில் மாட்டிய ஹெட்போனுக்கு அவன் குரல் மைக்கிலிருந்து நேராகப் போகும். கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி வந்தால் ஓர் இமை நேரம் பிந்தும், பாடுகிறவன் தடுமாறிவிடுவான். அதனால் அவன் கேட்டது அவனுடைய பச்சைக் குரலை. என் ஹெட்போனில் விழுந்தது திருத்திய குரல். ஒரே அறையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் இரண்டு பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நான் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கவனித்தேன். இரண்டாவது ‘மைனா’ வந்தபோது குரல் எங்கேயும் நிற்காமல், கோடு போட்ட மாதிரி நேராக உச்சிக்குப் போனது. எனக்குப் புல்லரித்தது. அடடா, இவனை எங்கேயோ கொண்டுபோய்விட்டேனே என்று நினைத்தேன். பெருமை தாங்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டே பக்கெட்டை ஓங்கித் தட்டினான்.

நாலு பாட்டு. அவன் டீ குடித்து முடிப்பதற்குள் எல்லாம் தயார். போட்டுக் காட்டுகிறேன் என்றேன். “வோணாம் மாமே. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சப்புறம் ரெண்டு பேரும் சேந்துதான் கேக்கணும்னு வூட்ல அது சாமிகிட்ட வேண்டிக்கினு கீது” என்று சொல்லிவிட்டான். அவள் போனுக்கு அனுப்பினேன். அவள் திறக்கவே இல்லை.

ஆபரேஷன் முடிந்தது. கட்டி ஒன்றும் மோசமான கட்டி இல்லை என்று ரிசல்ட் வந்தது. உயிருக்குப் பயமில்லை. ஆனால் குரல் போய்விட்டது. ஒரேயடியாகப் போகவில்லை. பேசினால் காற்றும் கரகரப்புமாக வந்தது, பக்கத்தில் உட்கார்ந்தால் புரியும். ஒரு நரம்பு வேலை செய்யவில்லை, பேச்சு நாளாக நாளாகத் தேறும், ஆனால் உச்சத்தில் பாடுவதெல்லாம் இனி நடக்காது என்று மறு பரிசோதனையில் சொல்லிவிட்டார்கள். பூந்தமல்லி, பூந்தமல்லி என்று பஸ் ஸ்டாண்டே அதிரக் கூவி ஆள் ஏற்றுகிறவன், இப்போது ஆட்டோவின் கம்பியைக் காசால் தட்டித்தான் கூப்பிடுகிறான்.

மறு பரிசோதனை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கச் சாத்துக்குடியோடு போனேன். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. “இன்னிக்குக் கேட்டுடலாம்ணா. நீங்களும் கீறீங்க” என்று சின்ன ஸ்பீக்கரைக் கொண்டுவந்து டிவி மேசையில் வைத்தாள். அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நானோ மாப்பிள்ளை வீட்டார் மாதிரி காலை நீட்டிக்கொண்டு, பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

முதல் வரி வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இரண்டாவது வரி வந்தது. ‘மைனா’ என்று குரல் வழுக்கிக்கொண்டு மேலே போனது. அவள் சிரிக்கவில்லை.

அவன் என் பக்கம் திரும்பினான். காற்றுக் குரலில் கேட்டான்:

“யாரு மாமே இது?”

விளையாடுகிறான் என்று நினைத்து நான் ஹாஹாவென்று சிரித்தேன். அந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் சிரிக்கவில்லை. அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் நிஜமாகத்தான் கேட்டான்.

“வேற ஆள உட்டு பாட வெச்சியா? இல்ல, இப்போ கம்ப்யூட்டரே பாடுதாமே, அதா?”

“டேய், நீதான்டா! நீ பாடினதுதான்! லேசா சுருதி மட்டும்…” என்று இழுத்தேன்.

அவள் பாட்டை நிறுத்திவிட்டு, திரும்ப முதலிலிருந்து போட்டாள். மறுபடி அந்த இடம், மறுபடி நிறுத்தினாள். தன் காதில்தான் கோளாறோ என்று இரண்டு காதையும் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னாள்:

“நல்லாத்தான் கீதுண்ணா. ஆனா இது என்னெக் கூப்புடல. வேற எந்த மைனாவையோ கூப்புடுது.”

அவளே கேட்டாள்: “நீங்க மாத்தறதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கும் இல்லண்ணா? அதக் குடுங்க. அது போதும்.”

“இருக்கும்மா. வீட்ல இருக்கு” என்றேன். பச்சைப் பொய். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

எப்படி வண்டியோட்டி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டுத் தேடினேன். இல்லாததைத் தேடுகிறோம் என்று தெரிந்தே தேடினேன். குப்பைத் தொட்டி, பழைய ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், எதிலும் இல்லை. எப்படி இருக்கும்? நான்தான் வாசலிலேயே வழித்து எறிந்துவிட்டேனே! திருத்திய குரலைத் திரும்பக் கோணலாக்கலாம் என்று மாலைவரை முட்டிப் பார்த்தேன். அந்த ‘மைனா’வைப் பிடித்துக் கீழே இழுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். சளி பிடித்த எவனோ என் சிநேகிதனைக் கிண்டல் பண்ணுகிற மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கட்டில்மேல் வீசினேன்.

நடந்ததை மனைவியிடம் சொன்னேன். தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அடப்பாவி மனுஷா! அந்தப் பொண்ணு அப்படியே வேணும்னுதானே கேட்டுச்சு? உன்னை யாரு அழகுபடுத்தச் சொன்னது? இருக்குன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கியே, இனிமே அவ மூஞ்சில எப்படி முழிப்ப?”

கொஞ்ச நேரம் திட்டிவிட்டு ஓய்ந்தவள், திடீரென்று கேட்டாள்:

“என் பக்கெட்டுக்கு ஒரு மைக் வெச்சியே, அது எங்க?”

“அதுல வெறும் தட்டறதுதான் இருக்கும்.”

“போட்டுப் பாரேன். அவன் வாய் என்ன அடுத்த தெருவுலயா இருந்துச்சு?”

பக்கெட் ட்ராக்கைத் தனியாக எடுத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். டொக் என்று ஓர் அடி. உடனே மௌனம். மறுபடி டொக். மூன்றாவது அடியில் நிறுத்தி, திரும்பப் போட்டேன். அடிக்குப் பின்னால், கேட் திறந்து மூடுகிற அந்தக் கண்ணிமைப்பில், தூரத்தில் அவன் குரல் ஒரு துண்டு இருந்தது. பக்கெட்டுக்கு மேலே ஒரு முழம் தள்ளித்தானே அவன் வாய் இருந்தது! இந்த மைக்கில் சீவல் இல்லை, சமன் இல்லை, சுருதித் திருத்தல் இல்லை. அடிக்கு ஒரு துண்டாக, நான் கை வைக்காத அவன் குரல். ‘பா’ என்று ஒரு துண்டு, ‘லத்’ என்று ஒரு துண்டு, ‘பஸ்’ என்று ஒரு துண்டு. மற்றதையெல்லாம் கேட் விழுங்கிவிட்டது. கேட்டையும் நான்தான் மாட்டினேன்.

இரண்டாவது ‘மைனா’வில் அவன் ஓங்கித் தட்டியிருந்தான். நான் கட்டைவிரலைக் காட்டியபோது தட்டிய அதே அடி. ‘மை’ மட்டும் விழுந்திருந்தது. சுருதிக்குக் கீழே, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, ஏறலாமா வேணாமா என்று. மேலே ஏறிய ‘னா’ இல்லை.

மறுநாளே அவர்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னேன். பொய் சொன்னதை முதலில் ஒப்புக்கொண்டேன். பழைய குரல் இல்லை, நானே அழித்துவிட்டேன், என் திமிர்தான் காரணம் என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மிச்சம் இருப்பது இவ்வளவுதான் என்று சொல்லி, ஹெட்போனை அவளிடம் நீட்டினேன்.

போடுவதற்கு முன்னால் என் கை தானாக மௌஸுக்குப் போனது. ஓர் அடியோடு எங்கேயோ போன ஒரு லாரியின் ஹார்னும் லேசாகச் சேர்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டால் சுத்தமாகக் கேட்குமே என்றுதான். பின்னால் நின்ற என் மனைவி கையிலேயே ஒன்று போட்டாள். பளீரென்று வலித்தது. மௌஸை விட்டுவிட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. இரண்டாவது வரி எப்போது வந்தது என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவள் சிரித்துவிட்டாள், அதே பழைய சிரிப்பு. அடுத்த மூச்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் பதறிப்போய் அவள் தோளைத் தொட்டான். காற்றாக ஏதோ கேட்டான். அவள் ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி அவன் காதில் வைத்து அழுத்தினாள். அவன் கொஞ்ச நேரம் கேட்டான். முகம் கோணியது.

“நான்தான்” என்றான்.

“இன்னும் கொஞ்சம் டைம் குடும்மா” என்று நான் ஆரம்பித்தேன். “நடுவுல கீற ஓட்டையெல்லாம் அடைக்க முடியுமான்னு பாக்கறேன். அந்தத் திருத்தின பாட்டுல இருந்து மீதியை வெட்டி எடுத்து…”

“வோணாண்ணா” என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை என் முன்னால் வைத்தாள். “நடுவுல இன்னா வரும்னு எனக்குத் தெரியும். இத அப்படியே குடுங்க.”

அப்படியே கொடுத்தேன்.